பழைய பிக்கப் வண்டியின் கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் மீன் ஏற்றி மதுரைக்கு ஓட்டுகிற பழைய டாட்டா 207 ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் கியர் பாக்ஸை இதுவரை மூன்று முறை இறக்கி ஏற்றியிருக்கிறேன். முதல் முறை தேய்மானம். மற்ற இரண்டும் என் தப்பு. இதைக் கேள்விப்பட்டு பாம்பனிலிருந்தும் தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் ஆட்கள் போன் பண்ணி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நானும் வண்டி ஓட்டிக்கொண்டே பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் பட்டறைக்காரன் இல்லை, வண்டிக்காரன். பொலிரோவோ வேறு பிக்கப்போ வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், அளவுகளை மட்டும் உங்கள் வண்டி மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது இறக்கலாம்?

மீன்பிடித் தடைக்காலத்தில்தான், வேறு எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனுக்கு ஊரில் இரண்டு வண்டி போதும், மற்றதெல்லாம் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். ஆனால் எல்லோரும் இதையேதான் நினைப்பார்கள். மே கடைசியில் லேத் பட்டறையில் படகு வேலையே மலை மாதிரி குவிந்து கிடக்கும், உங்கள் பேரிங்கை அழுத்திக் கொடுக்க ஆள் கிடைக்காது. ஏப்ரல் முடிவதற்குள் இறக்கிப் பிரித்துப் பாருங்கள். என்னென்ன வேண்டும் என்று பிரித்த பிறகுதான் தெரியும், அதற்குப் பிறகு மதுரைக்கு ஒரு நடை போய் சாமான் வாங்கி வர நாள் இருக்க வேண்டும். ஜூன் 10-ஆம் தேதி இறக்கியவர்கள் எத்தனை பேர் முதல் வார மீனை விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சத்தம் வருகிறது. பாக்ஸ்தான் போச்சா?

அவசரப்படாதீர்கள். கீழே படுப்பதற்கு முன்னால் சீட்டில் உட்கார்ந்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கிளட்சில் கால் வைக்காமல் காதைக் கொடுங்கள். ‘ஊ...’ என்று ஒரு இரைச்சல் இருந்து, கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால், பாக்ஸுக்குள் டாப் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியை வாங்கி உள்ளே வருகிற தண்டு) பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (அதிலிருந்து வாங்கிச் சுற்றுகிற துணைத் தண்டு) பேரிங். கிளட்சை மிதித்திருக்கும்போது மட்டும் இரைந்தால் கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், சில சமயம் பிளைவீல் (எஞ்சினுக்குப் பின்னால் சுற்றுகிற கனச் சக்கரம்) நடுவில் இருக்கிற பைலட் பேரிங். இந்த இரண்டுக்கும் பாக்ஸை இறக்க வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டியதில்லை.

ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல்லையோ அதன் நீடில் பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். எல்லாக் கியரிலும் இரைந்து நான்காவதில் மட்டும் நன்றாகக் குறைகிறதா? நான்காவது நேர் கியராக இருக்கிற பாக்ஸில் அது லே ஷாஃப்ட் பேரிங். நேர் கியரில் பாரம் லே ஷாஃப்ட் வழியாகப் போகாமல் டாப் ஷாஃப்டிலிருந்து, வெளியே போகிற மெயின் ஷாஃப்டுக்கு நேராகப் போய்விடும், லே ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதனால்தான் சத்தம் அடங்குகிறது.

இன்னொன்று. கியர் மாற்றினாலும் மாறாமல், வேகத்துக்குத் தகுந்தபடி மட்டும் வருகிற சத்தமும் அதிர்வும் பெரும்பாலும் பாக்ஸில் இருந்து வராது. பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற ஜாயிண்ட் ஷாஃப்டில் உள்ள ஜாயிண்ட் கிராஸையும் சென்டர் பேரிங்கையும் பாருங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்கிற வண்டியில் முதலில் போவது அதுதான்.

பாம்பன் பாலத்தில் இறங்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏன்?

ரோட்டுப் பாலம் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்குகிறது, இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விடுவீர்கள், அப்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளும். பல்லில் பாரம் எதிர்ப்பக்கம் மாறுகிற அந்த நேரத்தில்தான் தேய்ந்த கியர் கழன்று ஓடும். கியரைப் பூட்டுகிற வளையமான ஸ்லீவும் அது போய்க் கடிக்கிற சின்னப் பல்லும் முனை மழுங்கியிருக்கும், அல்லது ஸ்லீவைத் தள்ளுகிற கவையான போர்க் தேய்ந்திருக்கும், அல்லது போர்க்கை நகர்த்துகிற ஷிஃப்ட் ராடைப் பிடித்து நிறுத்துகிற குண்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஆனால் பாக்ஸ் மவுண்ட் ரப்பர் பிய்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும்! எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும்போது கியர் லிவரையும் சேர்த்து இழுத்துவிடும். ரப்பரை முதலில் பாருங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும். லிவரைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவது வைத்தியம் இல்லை, போர்க்கை இன்னும் சீக்கிரம் தேய்க்கும்.

தடைக்காலம் முடிந்து வண்டியை எடுத்தால் எந்தக் கியரும் விழவில்லை. பாக்ஸை இறக்கவா?

வேண்டாம். இரண்டு மாதம் கடல் காற்றில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். மிதித்தாலும் விடாது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள், முன்னால் ஆள் இல்லாத வெட்டவெளியில் இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். வண்டி குதித்து ஓடும், பயப்படாமல் பிரேக்கை அழுத்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால்தான் இறக்குவது. அடுத்த வருடம் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிக் கிளட்சை நாலு தடவை மிதித்து வையுங்கள்.

பாக்ஸுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? மூடித்தானே இருக்கிறது?

எனக்கும் முதலில் புரியவில்லை. டிரெயின் பிளக்கைத் திறந்தேன், ஆயில் வருவதற்குப் பதில் பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி ஒன்று வந்தது.

பாக்ஸ் தலையில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும், பிரீதர். மதுரைக்கு ஓடி வந்த பாக்ஸ் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு வண்டியைக் கழுவுகிறோம், அல்லது பெட்டியில் ஐஸ் உருகி மீன் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நேராக அதன் மேல் ஒழுகுகிறது. திடீரென்று குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி, வெளியில் இருப்பதை உறிஞ்சும். வெளியில் இருப்பது உப்புத் தண்ணீர். பிரீதர் அடைத்துக்கொண்டால் அதைவிட மோசம், உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும், குளிரும்போது அதே சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் சீல் மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் பிரீதரை ஒரு தடவை ஊதிப் பாருங்கள்.

நான் செய்தது: பிரீதரில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, கேபினுக்குப் பின்னால் உயரத்துக்குக் கொண்டுபோய் வாயை வளைத்துக் கீழ்நோக்கிக் கட்டிவிட்டேன். மீன் பெட்டிக்கு அடியில் ஒரு தார்ப்பாயை விரித்துத் தண்ணீரைப் பின்பக்கம் ஒழுக விட்டேன். பைசா பெறாத வேலை, அதற்குப் பிறகு ஆயில் வெளுக்கவில்லை.

வீட்டு வாசலிலேயே செய்யலாமா?

செய்யலாம், நம்ம ஊரில் வாசல் என்றால் மணல். ஜாக்கி மணலில் நேராக நிற்பது போலவே நின்று, நீங்கள் கீழே போனதும் ஒரு பக்கமாக இறங்கும். ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை கட்டாயம், உடைத்த படகின் பலகை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். பாக்ஸ் நாற்பது ஐம்பது கிலோ இருக்கும், நெஞ்சில் வாங்கி இறக்குகிற வீரம் இருபது வயசில் சரி, எனக்கு அதில் ஒரு விரல் நகம் போயிற்று. இரண்டாவது ஆள் வேண்டும், மச்சானோ மாப்பிள்ளையோ, யாராவது.

இறக்குவதற்கு முன்னால் ஜாயிண்ட் ஷாஃப்ட் சேர்கிற தட்டு (பிளாஞ்ச்) இரண்டிலும் ஒரே நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப அப்படியே சேர்க்காவிட்டால் அதிரும். எஞ்சின் சம்புக்கு (அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுத்த பிறகுதான் பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்றுவது. பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) அலுமினியம், போல்ட் இரும்பு, நடுவில் உப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் போல்ட் வெந்து பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். முறுக்கி உடைத்துவிட்டு லேத்துக்கு ஓடுவதற்கு ஒரு ராத்திரி பொறுக்கலாம்.

பிரித்த பிறகு எதை மாற்றுவது, எதை விடுவது?

பிரிப்பதற்கு முன்னால் டிரெயின் பிளக்கில் உள்ள காந்தத்தைத் துடைத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். பொன் நிறத்தில் மினுக்கு மினுக்கு என்று ஆயிலில் மிதந்தால் பித்தளை, சின்க்ரோ ரிங் (கியர் விழும் முன்னால் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்குகிற வளையம்) தேய்கிறது. விரலில் குத்துகிற மாதிரி, உருவம் உள்ள துண்டு கிடைத்தால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மூடாதீர்கள்.

எல்லா பேரிங்கும் ஆயில் சீலும் கேஸ்கட்டும் புதுசு. இதில் பேச்சே இல்லை. உப்புத் தண்ணீர் போன பாக்ஸில் பேரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் குண்டு ஓடுகிற பாதையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்திருக்கும், மூன்று மாதத்தில் கத்த ஆரம்பிக்கும்.

சின்க்ரோ ரிங்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரிங்கைக் கையால் கியரின் கூம்பில் அழுத்தித் திருப்புங்கள், கவ்வ வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் அது போச்சு. அழுத்திப் பிடித்த நிலையில் ரிங்குக்கும் கியரின் சின்னப் பல்லுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். புது ரிங்கில் பொதுவாக 1 மி.மீ. சுற்றி இடைவெளி இருக்கும், பழசு தேயத் தேய உள்ளே போய் இடைவெளி குறையும். அரை மி.மீ. அளவுக்கு வந்துவிட்டதை நான் திரும்பப் போட மாட்டேன். ரிங்கின் உள்பக்கம் மெல்லிய வரி வரியாக இருக்க வேண்டும், நகத்தால் இழுத்தால் தட்டுப்பட வேண்டும். அந்த வரிதான் ஆயிலை வெட்டி ஒதுக்கி ரிங்கைப் பிடிக்க வைக்கிறது. வழவழப்பாகப் பளபளத்தால் அழகாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. பெரும்பாலும் இரண்டாவது கியர் ரிங்தான் முதலில் போகும், பாரத்தோடு அதைத்தானே அதிகம் போடுகிறோம். பட்ஜெட் இடித்தால் இரண்டாவதையும் மூன்றாவதையுமாவது மாற்றுங்கள்.

ஹப்பையும் (ஸ்லீவுக்கு உள்ளே இருக்கிற நடுத்துண்டு) ஸ்லீவையும் பிரிக்கும் முன்னால் இரண்டிலும் அடையாளம் போடுங்கள். அவை ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை, தலைகீழாக மாட்டினால் கியர் விழும், நிற்காது. திரும்பச் சேர்க்கும்போது ரிங்கில் உள்ள வெட்டு ஹப்பின் சாவிகள் மேல் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் பிரஸ்ஸில் அழுத்தினால் புது ரிங் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் காசு போனது என்று அர்த்தம்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாமா?

எந்தப் பக்கம் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஷாஃப்டில் ஏறுகிற பேரிங் என்றால் உள்வளையத்தில்தான் அழுத்தம் படவேண்டும், வெளிவளையத்தில் அடித்தால் அடி குண்டு வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங்கை அடித்துக் கெடுத்துவிட்டு ‘சாமான் டூப்ளிகேட்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. என் வழி, பேரிங்கை எண்ணெயில் போட்டு 100 டிகிரி வரை சூடாக்குவது. அடியில் பாத்திரத்தைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட வேண்டும். எடுத்துப் போட்டால் பொத்தென்று உட்காரும். ரப்பர் சீல் உள்ள பேரிங்குக்கு இது ஆகாது.

எல்லாம் மாட்டியாயிற்று, ஒரு சின்னப் பின் மிச்சம் இருக்கிறது. பரவாயில்லையா?

என் இரண்டாவது தப்பு இதுதான் (முதலாவது பின்னால் வருகிறது), அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூடியை இறுக்கிக் கையைத் துடைக்கும்போது வேட்டித் துணியில் ஒரு பின் கிடந்தது. தீக்குச்சியில் பாதி நீளம். இவ்வளவு பெரிய பாக்ஸில் இதனால் என்ன ஆகப் போகிறது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பாக்ஸை ஏற்றி, ஆயில் ஊற்றி, வாசலிலிருந்து ரோட்டுக்கு வந்து முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது, பின்சக்கரம் இரண்டும் கட்டிக்கொண்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

அது இன்டர்லாக் பின். ஷிஃப்ட் ராடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்று நகரும்போது மற்றதை நகரவிடாமல் பிடிப்பது அந்தத் துக்கடாதான். அது இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழும். இரண்டு வேறு வேகத்தில் ஒரே ஷாஃப்ட் எப்படிச் சுற்றும்? வாசலிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதே இப்படி நடந்தது என் அதிர்ஷ்டம், உச்சிப்புளி தாண்டி வேகத்தில் நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதனால் மிச்சம் வந்தால் பரவாயில்லை என்று ஒன்றும் கிடையாது. இப்போது நான் குண்டு, ஸ்பிரிங், பின் எல்லாவற்றையும் முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து, குழி மேல் எழுதிவிடுகிறேன். ஒவ்வொன்றையும் கழற்றும் முன்னால் போனில் ஒரு படம். மூடுவதற்கு முன்னால் மேசை மேலேயே எல்லாக் கியரையும் போட்டு டாப் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், அதோடு ஒரு கியரில் இருக்கும்போது மற்ற ராடை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பாருங்கள். நகரக் கூடாது.

பேரிங் உட்காரும் இடம் லூசாகிவிட்டது. பஞ்ச் அடித்துக் கொடுக்கிறேன் என்கிறார்கள்.

வண்டியை அடுத்த வாரம் விற்கப்போவதாக இருந்தால் அடிக்கலாம், வாங்குகிறவன் பாவம். புள்ளி புள்ளியாகப் பஞ்ச் அடித்தால் மேடுகள் மட்டும்தான் பேரிங்கைப் பிடிக்கும், சீக்கிரம் அமுங்கிவிடும், பேரிங் மையத்திலும் உட்காராது. லேத்தில் கடைந்து உள்ளே ஒரு வளையம் (இதையும் ஸ்லீவ் என்பார்கள்) போடச் சொல்லுங்கள்.

பழைய இரும்புக் கடையில் முழு பாக்ஸ் கிடைக்கிறதே?

அதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்ஸுக்குத் தெரிந்த பாக்ஸ் மேல். உங்கள் ஹவுசிங் உடைந்திருந்தால் மட்டும் வாங்குங்கள், டாப் ஷாஃப்ட் நீளமும் ஸ்பிளைன் (தண்டின் மேல் நீளவாக்கில் உள்ள பல்) எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்த்து.

எந்த ஆயில்?

மேனுவலில் போட்டிருப்பது. பித்தளை சின்க்ரோ உள்ள பழைய பாக்ஸ்களுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-4 தரம், 80டபிள்யூ-90 கெட்டி. கடையில் ‘ஜிஎல்-5 இதைவிட உசத்தி’ என்று கொடுப்பார்கள். அது பின்னால் டிஃபரன்ஷியலுக்கு உசத்தி. அதில் கந்தகம் கலந்த மருந்து அதிகம், பித்தளையைச் சிலசமயம் அரிக்கும், அதோடு வழுக்கலும் கூடுதல் என்பதால் சின்க்ரோ கவ்வாமல் கியர் கத்தும். பக்கவாட்டு பிளக்கின் வாய் வரை ஊற்றுங்கள், வண்டி சமமாக நிற்கும்போது. புது ரிங் போட்ட பாக்ஸில் 1000 கி.மீ. ஓடியதும் நான் ஒரு முறை மாற்றிவிடுவேன்.

திரும்ப ஏற்றும்போது பாக்ஸ் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. கடைசி ஒரு அங்குலம்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த இடத்தில் செய்வது, நீள போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுப்பது. ஹவுசிங் காது உடையும், அல்லது கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். என் முதல் தப்பு இதன் தம்பி: போல்ட் போடாமல், பாக்ஸைப் பாதி ஏற்றிவிட்டு, டீ குடிக்கப் போனேன். முழுப் பாரமும் ஷாஃப்ட் வழியாக கிளட்ச் பிளேட்டில் தொங்கியது. அப்புறம் கிளட்ச் விடவே இல்லை, வளைந்த பிளேட் எப்படி விடும்.

போகாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லை. கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்துகிற பிரஷர் பிளேட்டை இறுக்கும் முன்னால் கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு டம்மி ஷாஃப்ட் வேண்டும், அதே ஸ்பிளைன் உள்ள பழைய டாப் ஷாஃப்டைப் பட்டறைகளில் இரவல் கொடுப்பார்கள். பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று முத்திரை இருக்கும், திருப்பிப் போட்டால் நடு ஸ்பிரிங் பிளைவீல் போல்ட்டில் இடிக்கும். பைலட் பேரிங்கை இப்போதே மாற்றிவிடுங்கள், சின்னச் சாமான், அதற்காகத் திரும்ப இறக்குவது கொடுமை. ஸ்பிளைனில் கிரீஸ் ஒரு பூச்சுக்கு மேல் வேண்டாம், அதிகமானால் தெறித்துப் பிளேட்டில் ஒட்டி வழுக்கும்.

பிறகு பாக்ஸை டாப் கியரில் போட்டு, எஞ்சினுக்கு நேராக, மேலும் கீழும் சாயாமல் பிடித்து உள்ளே விடுங்கள். ஒரு ஆள் பின் பிளாஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஸ்பிளைன் சந்தித்ததும் கையில் தெரியும், வழுக்கிக்கொண்டு போய் டவல் பின்னில் (இடம் பிசகாமல் நிறுத்துகிற குச்சி) உட்காரும். அதன் பிறகுதான் போல்ட், அதுவும் குறுக்குக் குறுக்காக.

எர்த் கம்பியை மறக்காதீர்கள். பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகிற அந்தப் பட்டைக் கம்பி உப்பில் பச்சை பூத்திருக்கும், சுரண்டி மாட்டுங்கள். மாட்டாமல் ஸ்டார்ட் செய்தால் கரண்ட் வேறு வழி தேடும், ஆக்ஸிலேட்டர் கேபிள் புகைந்து பார்த்திருக்கிறேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ரிவர்ஸ் போடும்போது மட்டும் ‘கர்ர்’ என்கிறது. மறுபடியும் இறக்கவா?

பழைய பாக்ஸ்கள் நிறையவற்றில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு, கிளட்சை மிதித்து மூன்று வரை எண்ணிவிட்டுப் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் முழுக்க விடவில்லை, லைனில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸ் மேலேயே இருக்கட்டும்.